கரிசலுக்கு ஒரு எஞ்சின்

நான் கால்நடை மருத்துவர். ஓட்டப்பிடாரத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் என் பொறுப்புக்கு வந்தபோது ஒரு ஸ்கூட்டர் போதும் என்றுதான் நினைத்தேன். வெயில் காலத்தில் போதும்தான். கரிசல் மண் வெடித்துக் கிடக்கும் மாதங்களில் வண்டிப்பாதைகள் தளம் போட்டதுபோல இறுகியிருக்கும். மருந்துப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு எந்தப் புஞ்சைக்கும் போய்விடலாம். ஐப்பசி பிறந்து இரண்டு நல்ல மழை விழுந்துவிட்டால் கதையே வேறு. செருப்பில் ஒட்டிய மண் அடுத்த அடியில் இரண்டு மடங்காகும். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு பானையைக் கட்டிக்கொண்டு நடப்பது போலிருக்கும்.

அப்படி ஒரு மழைக்காலத்தில், கன்று போட முடியாமல் தவித்த ஒரு பசுவைப் பார்க்கத் தார் ரோட்டில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடந்தே போனேன். போய்ச் சேர்ந்தபோது பசு இறந்திருந்தது. மாட்டுக்காரர் என் காலில் இருந்த சேற்றைக் கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பி நடந்த அந்த நீளமான பாதையில்தான் ஒரு ஜீப் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

கோவில்பட்டியில் வத்தல் வியாபாரம் செய்யும் ஒருவரின் சரக்குக் கிட்டங்கியில் பழைய ஜீப் ஒன்று தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. சட்டமும் அச்சுகளும் உறுதியாக இருந்தன. எஞ்சின் மட்டும் இறுகிப்போய், கம்பியைக் கொடுத்துத் திருகினாலும் அசையவில்லை.

"எஞ்சின் இல்லாத ஜீப்ப வாங்கி என்ன செய்யப் போற? கோழி அடைக்கவா?" என்று கேட்டார் என் கணவர். அவர் மணியாச்சி வழியாகப் போகும் சரக்கு ரயில்களை ஓட்டுபவர்.

"எஞ்சினை நாமளே பாத்து எடுப்போம். கரிசலுக்குத் தோதா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் அடுத்த ஓய்வு நாளில் ஜீப்பைக் கட்டி இழுக்கும் கயிற்றை வாங்கி வந்தவரும் அவர்தான்.

பைபாஸ் பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் எங்கள் இருவரையும்விட மூத்தவர், சத்தமாகப் பேசுபவர். தன் கை பட்ட வண்டி வழியில் நின்றதே இல்லை என்று சொல்லிக்கொள்வார். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஜீப்பைச் சுற்றி வந்து, பானட்டைத் தூக்கிப் பார்த்ததுமே அவர் முடிவு செய்துவிட்டார்.

"டாக்டரம்மா, டர்போ எஞ்சின் ஒண்ணு நமக்குத் தெரிஞ்ச எடத்துல கிடக்கு. புது மாடல் கார்ல இருந்து எறக்கினது. அத மாட்டினோம்னு வைங்க, இந்த ஜீப்பு பறக்கும்."

"பறக்க வேண்டாம் அண்ணாச்சி. சேத்துல நடந்தாப் போதும்."

"பறக்கிற வண்டி நடக்காதா?"

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் குறுக்கே வந்தார். "நடக்காது அண்ணாச்சி. நான் தெனமும் பாக்கேன்லா. ஓடுத வண்டிய ஓட்டிட்டுப் போறது ஒண்ணும் பெரிசில்ல. நின்ன எடத்துல இருந்து அத்தன வேகனையும் நகத்துததுதான் பாடு. அங்க வேகம் உதவாது, இழுவைதான் வேணும். எஞ்சின் மெதுவா சுத்தும்போதே இழுக்கணும்."

அதுவரை ஜீப்பைக் கோழிக்கூடு என்று சொன்னவர், அந்த நிமிடத்தில் என் கட்சிக்கு வந்துவிட்டார்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்துக்கு மூவரும் போனோம். மெக்கானிக் சொன்ன டர்போ எஞ்சின் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி நரம்பு மாதிரி ஒயர்கள் ஓடின. டீசலை எவ்வளவு விடுவது, எப்போது விடுவது என்பதையெல்லாம் ஒரு சிறிய கம்ப்யூட்டர் பெட்டிதான் தீர்மானிக்கும். அதில் ஒரு சென்சார் நனைந்தால்கூட எஞ்சின் நின்றுவிடலாம். நடு ஓடையில் நின்றால் அதைச் சரிபார்க்க யார் வருவார்கள்? மேலும் டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. எஞ்சின் ஓரளவு வேகம் பிடித்த பிறகுதான் அது முழுதாகத் திணிக்கும். எனக்கோ வேகமே பிடிக்க முடியாத இடத்தில்தான் வேலை.

அடுத்து ஒரு டிராக்டர் எஞ்சினைப் பார்த்தோம். இழுவைக்குக் குறைவில்லை. ஆனால் பயங்கரக் கனம். அதை மாட்டினால் ஜீப்பின் மூக்கு சேற்றில் குத்தி நின்றுவிடும்.

மூன்றாவதாகக் கண்ணில் பட்டது பின்பக்கம் அடிவாங்கிய ஒரு பழைய வேன். டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. டீசலை அளந்து அனுப்புவது முழுக்க இரும்பால் ஆன ஒரு பம்பு. எஞ்சின் இன்னும் வேனிலேயே இருந்ததால் ஓட்டிப் பார்க்க முடிந்தது. பேட்டரி கொடுத்ததும் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் கறுப்புப் புகை, பிறகு ஒன்றுமில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே தேய்ந்த எஞ்சினாக இருந்தால் அந்த வாய் வழியாகக் காற்று பலமாக அடிக்கும். இதில் தூங்கும் கன்றுக்குட்டியின் மூச்சு அளவுக்குத்தான் வந்தது.

என்னவோ தோன்றி, பையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்து எஞ்சினின் பக்கவாட்டில் வைத்தேன். மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஊசி போடணுமா டாக்டரம்மா?"

நான் நான்கு சிலிண்டரையும் வரிசையாகக் கேட்டேன். ஒரே சீரான துடிப்பு. மூன்றாவதில் மட்டும் லேசான ஒரு கிளிக் சத்தம் கூடுதலாக இருந்தது. அதைச் சொன்னதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். ஸ்டெதஸ்கோப்பைத் தன் காதில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"வால்வு கேப்பு கூடிப் போச்சு. அரை மணி நேர வேலை," என்றார் நிமிர்ந்து. பிறகு, காதிலிருந்து அதைக் கழற்ற மனமில்லாமல், "இது எங்கன கெடைக்கும்மா?" என்று கேட்டார்.

அந்த எஞ்சினைத்தான் எடுத்தோம்.

எஞ்சினை மாற்றப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்க அலைந்தது என் பங்கு. மாட்டுவது மெக்கானிக்கின் பங்கு. வேனின் எஞ்சினுக்கும் ஜீப்பின் கியர்பாக்ஸுக்கும் வாய் பொருந்தாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தடித்த இரும்புத் தட்டைக் கடைந்து வைக்க வேண்டும். லேத்தில் முதலில் கடைந்து வந்த தட்டைப் பூட்டி ஓட்டியபோது, கியர்பாக்ஸுக்குள் மெல்ல ஒரு முனகல் கேட்டது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மெக்கானிக்கிற்குத் தெரிந்தது. மயிரிழை மையம் தப்பியிருக்கிறது என்று சொல்லி, பூட்டிய எஞ்சினைத் திரும்பவும் இறக்கிவிட்டார்.

"இப்படியே ஓட்டினா ஒரு வருசம் ஓடும். அதுக்கு மேல ஓடாது. நம்ம பட்டறையில அந்தப் பேச்சு கிடையாது."

இரண்டாவது தட்டு வந்த பிறகு முனகல் இல்லை.

சித்திரையில் எதிர்பாராமல் ஒரு கோடைமழை கொட்டியது. மூவரும் ஜீப்பை எடுத்துக்கொண்டு, தரிசாகக் கிடந்த ஒரு கரிசல் காட்டுக்குப் போனோம். காட்டின் சொந்தக்காரர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். நான்கு சக்கர இழுவையைப் போட்டு, மெதுவான கியரில் இறங்கினேன். வண்டி அருமையாகப் போனது. கொஞ்ச தூரம்தான். பிறகு யாரோ பிடித்து நிறுத்தியதுபோல நின்றுவிட்டது. எஞ்சின் உறுமியது, கிளட்ச் வழுக்கித் தீயும் வாடை வந்தது, சக்கரங்கள் அசையவில்லை. சூடு காட்டும் முள் வேறு ஏறிக்கொண்டே போனது.

காட்டுக்காரர் தன் டிராக்டரைக் கொண்டுவந்து எங்களை வெளியே இழுத்துப் போட்டார். மெக்கானிக்கிற்குக் கோபம்.

"டர்போன்னா இந்நேரம் அந்தக் கரையில நின்னிருப்போம்."

நான் சேற்றில் மண்டியிட்டுச் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஒரு தடவைகூட அணையவில்லை. அப்படியென்றால் தோற்றது எஞ்சின் இல்லை. டயரில் அப்பிய கரிசல், மட்காடுக்கும் டயருக்கும் நடுவில் ஆப்பு அடித்ததுபோல அடைத்திருந்தது. டயர் அகலமாக இருந்ததால் மண்ணை இன்னும் அதிகமாக வாரிச் சுருட்டியிருந்தது. ரேடியேட்டரின் முகம் முழுக்கச் சேறு பூசியிருந்தது.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. எந்த எஞ்சின மாட்டினாலும் இங்க நிக்கும். சக்கரம் சுத்தவே எடம் இல்ல."

அவரும் குனிந்தார். விரலை விட்டுப் பார்த்தார். கத்தி வைத்தாலும் போகாத இறுக்கம். எழுந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. பட்டறைக்குப் போகும் அவசரம்தான் இருந்தது.

"மட்காட வெட்டுவோம்," என்றார்.

அந்தக் கோடை முழுவதும் வெட்டுவதும் ஒட்டுவதுமாகப் போனது. மட்காடுகளின் உள்விளிம்பை வெட்டி, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் உயர்த்தி, மண் உதிர்ந்து விழ இடம் செய்தோம். அகல டயரைக் கழற்றிவிட்டு, ஆழமான பற்கள் உள்ள ஒடுக்கமான டயரைப் போட்டோம். மேலே வழுக்கும் கரிசலை அறுத்துக்கொண்டு போய், கீழே இன்னும் நனையாத இறுகிய மண்ணைப் பிடிக்கட்டும் என்பது கணக்கு. அச்சுக்குள் இருக்கும் பற்சக்கரங்களை மாற்றி, எஞ்சின் அதிகம் சுற்றினாலும் சக்கரம் குறைவாகச் சுற்றும்படி செய்தோம். தார் ரோட்டில் வேகம் போனது. இழுவை கூடியது. ரேடியேட்டரைப் பெரிதாக்கி, அதன் முன்னால் சட்டென்று கழற்றி உதறக்கூடிய ஒரு கம்பி வலையை மாட்டினோம். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் விசிறியை எடுத்துவிட்டு, சுவிட்சில் ஓடும் மின்விசிறி வைத்தோம். ஓடையில் இறங்கும்போது அதை அணைத்துவிட்டால் தண்ணீரை எஞ்சின் மேல் வாரி இறைக்காது.

கடைசியாக, எஞ்சின் மூச்சு இழுக்கும் குழாயைப் பானட்டுக்கு வெளியே கொண்டுவந்து, கண்ணாடியோரமாகக் கூரை உயரத்துக்கு ஏற்றினோம். டீசல் எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அந்தக் குழாயோடு ஜீப் தெருவில் வந்து நின்ற அன்று பக்கத்து வீட்டுக்காரர், "என்னம்மா, வண்டிக்குத் தும்பிக்கை வச்சிருக்கீங்க," என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஐப்பசியில் மழை வந்தது. அடைமழை. வெளுக்காத வானம், நிற்காத தூறல், நடுநடுவே கொட்டித் தீர்க்கும் மழை. ஒரு காலையில் ஓட்டப்பிடாரத்துக்கு அப்பால் ஓடைக்கரைச் சிற்றூரிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். கணவர் இல்லாமல் நாலு மாடுகளை வைத்துப் பிழைப்பவர். அவரை எனக்கு முன்பே தெரியும்.

"டாக்டரம்மா, தலையீத்துப் பசு. விடியும்போதே பன்னீர்க்குடம் ஒடைஞ்சிட்டு. ஒத்தக் கால்தான் வெளிய தெரியுது. முக்கி முக்கிக் களைச்சுப் போச்சு. ஒங்கள ஏத்திட்டு வர எந்தம்பி டிராக்டர எடுத்திட்டுப் போனான். ஓடைக்கரையில அதுவும் புதைஞ்சு கிடக்காம். நீங்க எப்படி வருவிய?"

"வாரேங்க்கா. பசுவ எழுப்பி நிக்க வைக்கப் பாருங்க. கால யாரும் பிடிச்சு இழுக்காதீங்க," என்றேன்.

வேலை முடிந்து அப்போதுதான் வீடு வந்திருந்த என் கணவர், கழற்றிய சட்டையைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார். நான் கூப்பிடவே இல்லை.

தார் ரோடு முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கர இழுவையைப் போட்டேன். முன்னால் பாதை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே, இரண்டு பக்கமும் முளைத்து நின்ற உளுந்துப் பயிர்தான். நடுவில் கறுப்பாக மின்னும் சேறு. இரண்டாவது கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரில் காலை ஒரே அளவில் வைத்துக்கொண்டு இறங்கினேன். முன்பக்கம் வழுக்கியது. ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக அறுப்பதுபோல ஆட்டினேன். டயரின் விளிம்பு பிடித்தது. மட்காடுக்குள்ளிருந்து சேறு தொப்புத் தொப்பென்று உதிர்ந்து பின்னால் விழும் சத்தம் கேட்டது. அடைக்கவில்லை. விழுந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்குள் ஏதோ நிமிர்ந்தது.

"கால எடுத்துராத," என்றார் கணவர், முன்கம்பியைப் பிடித்தபடி.

"எடுக்க மாட்டேன்."

எஞ்சின் பதறவே இல்லை. பாரம் கூடும்போது அதன் சத்தம் தாழ்ந்து கனத்தது, அவ்வளவுதான். சுற்று குறையக் குறைய இழுத்துக்கொண்டே இருந்தது.

ஓடையைத் தாண்டி எங்கள் பக்கக் கரை ஏறிய டிராக்டர் பின்சக்கரம் பாதி புதைந்து நின்றது. அக்காவின் தம்பி அதன் மேல் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார்.

"அங்கனயே நின்னுருங்க. டிராக்டரே எறங்கிப் போச்சு, ஜீப்பு எப்படிப் போகும்?"

"டிராக்டரு கனம். இது கனமில்ல," என்றேன்.

என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஜீப்பில் முடிந்துவிட்டுக் கம்போடு ஓடைக்குள் இறங்கினார். தண்ணீர் தொடைக்கு வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. அடியில் பாறை என்று கம்பால் தட்டிக் காட்டினார். அக்கரை போய்ச் சேர்ந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு, வா என்று சைகை செய்தார்.

விசிறியை அணைத்தேன். முதல் கியர். தண்ணீர் முன்னால் ஓர் அலையாக எழுந்து நகர்ந்தது. கதவின் கீழிடுக்கு வழியாக உள்ளே வந்து என் பாதத்தை நனைத்தது. புகைக்குழாய் தண்ணீருக்கடியில் குமிழி விட்டது. எஞ்சின் மட்டும் அதே தாளத்தில், ஒரு துடிப்புகூடத் தப்பாமல் ஓடியது. அக்கரை மேட்டில் முன்சக்கரம் ஏறி வழுக்கியது. வண்டி பக்கவாட்டில் நழுவியது. கால் எடுக்கச் சொல்லி உடம்பு கெஞ்சியது, எடுக்கவில்லை. கொஞ்சம் பின்னுக்கு வந்து, சக்கரத்தில் சேறு உதிரும்வரை பொறுத்து, இன்னொரு கோணத்தில் ஏற்றினேன். நான்கு சக்கரமும் ஒன்றாகக் கடித்தன. ஜீப் மேட்டின் மேல் வந்து நின்றது.

நாங்கள் விட்டு வந்த கரையில் டிராக்டர் மேல் நின்றவர் தலையிலிருந்த கோணிச்சாக்கை எடுத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

தொழுவத்துக்குள் நுழைந்தபோது அக்கா பசுவின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் பார்வை என் முழங்காலுக்குப் போனது. சேற்றைத் தேடியிருப்பார்.

"வண்டியிலயா வந்தீங்க?"

"வண்டியிலதாங்க்கா. சுடுதண்ணி இருக்கா?"

கையைக் கழுவி உள்ளே விட்டுப் பார்த்தேன். கன்றின் ஒரு முன்கால் மடங்கிக் கிடந்தது. தலையும் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கண்ணிமையை விரலால் லேசாக அழுத்தினேன். அசைந்தது. உயிர் இருக்கிறது.

அதன் பிறகு மழைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பசு முக்காத இடைவெளிகளில் கன்றை உள்ளே தள்ளி, மடங்கிய காலின் குளம்பைக் கையால் மூடிக்கொண்டு வளைத்து வெளியே கொண்டுவந்தேன். தாடையில் கயிற்றைப் போட்டுத் தலையை நேராக்கினேன். தோள் கழன்று விழுவதுபோல வலித்தது. பிறகு இரண்டு காலிலும் கயிறு மாட்டி, ஒன்றை அக்காவிடமும் மற்றொன்றை என் கணவரிடமும் கொடுத்தேன்.

"அது முக்கும்போது மட்டும் இழுங்க. அது நிறுத்தினா நீங்களும் நிறுத்துங்க. மாத்தி மாத்தி."

கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. அசைவில்லை. மூக்கிலும் வாயிலும் அடைத்திருந்த சளியை வழித்தெறிந்தேன். கோணியால் விலாவைத் தேய்த்தேன். ஒரு வைக்கோலை எடுத்து மூக்குத் துவாரத்தில் விட்டுக் குடைந்தேன். தும்மியது. இன்னொரு தடவை தும்மித் தலையைத் தூக்கியது.

"கிடேரிக் கன்னு," என்றார் அக்கா. பசு திரும்பி, தன் முதல் கன்றை நக்க ஆரம்பித்திருந்தது. அக்கா அதன் அருகே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கையில் கயிறு பதிந்த தடத்தைப் பார்த்தபடி, ரயிலில்கூட இவ்வளவு இழுத்ததில்லை என்றார்.

நஞ்சுக்கொடி விழுந்து, பசு தண்ணீர் குடித்து, கன்று தட்டுத் தடுமாறி எழுந்து மடியைப் பிடித்த பிறகுதான் கிளம்பினோம். அக்கா ஒரு தூக்குச்சட்டியில் சோறும் துவையலும் கட்டிக்கொடுத்தார். மதியம் கடந்து மழை நின்று வானம் வெறித்திருந்தது. ஓடையில் தண்ணீர் கொஞ்சம் வடிந்திருந்தது. இந்த முறை என் கணவர் இறங்கிச் சோதித்துவிட்டு, திரும்பி வந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். எதிர்க்கரையில், ஓட்டப்பிடாரத்தில் ஆளுக்குச் சொல்லிவைக்கக் கிளம்பிய அக்காவின் தம்பியையும் ஏற்றிக்கொண்டோம். டிராக்டரைத் தரை காய்ந்த பிறகு ஆள் வைத்துத் தோண்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். பின்னிருக்கையில் உட்கார்ந்து, வண்டி சேற்றை அறுத்துக்கொண்டு போவதை எட்டி எட்டிப் பார்த்தார்.

தார் ரோட்டில் ஏறியதும் டயரில் ஒட்டியிருந்த கரிசல் கட்டி கட்டியாகப் பறந்து ரோடெங்கும் விழுந்தது. ஓட்டப்பிடாரத்தில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். தலை முதல் கால் வரை சேறும் ரத்தமுமாக இறங்கிய எங்களைக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கன இருந்து வாரீங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அங்கன இன்னைக்கு எந்த வண்டியும் போகாதே."

என் கணவர் என்னைப் பார்த்தார். நானே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"போயிட்டு வந்துட்டோம் அண்ணாச்சி," என்றேன். "மூணு டீ போடுங்க."